டிக் செய்தால் மறையும் தாமதம்

பெரிய கட்டுமானங்களைத் திட்டமிடுபவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் மென்பொருள் பிரைமவேரா பி6. அதில் கால அட்டவணையைக் கணக்கிடும் முன்பு சில விருப்பங்களைக் கேட்கும் திரை ஒன்று வரும். அந்தத் திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. மற்ற திட்டங்களோடு உள்ள தொடர்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவா என்று அது கேட்கிறது. அதில் டிக் செய்துவிட்டுக் கணக்கிட்டால், பக்கத்து ஒப்பந்தக்காரர் தரவேண்டிய மின் இணைப்புக்கும் இன்னொரு குழு முடிக்கவேண்டிய வரைபடத்துக்கும் உங்கள் திட்டம் காத்திருக்காது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டால், முடிவுத் தேதி சில சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போய் நிற்கும். இரண்டு கணக்குகளுக்கும் நடுவே களத்தில் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை.

அந்தக் கட்டத்துக்கு நியாயமான பயன்களும் உண்டு. தன் வேலையை மட்டும் தனியாக எடைபோட நினைப்பவருக்கு அது வேண்டும். ஆனால் மாதாந்திர அறிக்கை தயாராகும் நாளில் அந்த டிக் எத்தனை பேரின் முகத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

எந்தத் தேதி உண்மை? இரண்டும் சரியான கூட்டல்தான். ஒவ்வொரு திட்டமும் தனியாக இருக்கும்போது ஒரு விதமாகவும், கோத்த பிறகு வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது. பல திட்டங்களை ஒன்றாக நடத்துவதில் உள்ள சிரமமும் சுவாரசியமும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த மென்பொருள்களின் உள்ளே ஓடும் கணக்கு 1950-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் மார்கன் வாக்கர் என்ற பொறியாளரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லி என்ற கணிதவியலாளரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். யூனிவாக் கணினியில் அது ஓடியது. ரசாயன ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தினால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். லூயிவில் ஆலையில் அப்படி நிறுத்துவதற்குச் சராசரியாக 125 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. புதிய கணக்கு அதை நூறுக்குக் கீழே இறக்கியது.

முறை எளிமையானது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் ஆகும், எந்த வேலை முடிந்தபின் அதைத் தொடங்கலாம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலிருந்து முன்னோக்கி நடந்தால், ஒவ்வொன்றையும் எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம் என்று தெரியும். முடிவிலிருந்து பின்னோக்கி நடந்தால், எவ்வளவு தாமதமாகத் தொடங்கினாலும் பாதகமில்லை என்று தெரியும். இரண்டுக்கும் இடையில் உள்ள நாட்களைச் சைட்டில் ‘ஃப்ளோட்’ என்பார்கள். ஃப்ளோட் பூஜ்யமாக இருக்கும் வேலைகள் வரிசையாகச் சேர்ந்து நிற்கும் பாதைதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் பிசகினால் மொத்தமும் ஒரு நாள் பிசகும்.

ஒரு வீடு கட்டுவதை எடுத்துக்கொள்வோம். மேல்தளம் போட்டு, அது இறுகி, சென்ட்ரிங் பிரித்து, பூச்சுக்கு வர 28 நாள் ஆகும் என்று வைப்போம். அதே சமயம் தச்சர் தன் பட்டறையில் ஜன்னல் சட்டங்களைச் செய்கிறார்; அதற்கு 6 நாள். அவர் முடித்துக் கொடுத்ததும் கண்ணாடி போடுபவருக்கு 4 நாள். ஆக 18 நாள் ஃப்ளோட். தச்சரின் தாளில் 18 என்று இருக்கிறது, கண்ணாடிக்காரரின் தாளிலும் 18 என்றே இருக்கிறது. இருவரும் தங்களுக்கு 18 நாள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இருப்பது இருவருக்கும் சேர்த்து ஒரே 18 நாள்தான். தச்சர் ஊருக்குப் போய் அத்தனையையும் செலவழித்துவிட்டு வந்தால் கண்ணாடிக்காரர் கையில் ஒன்றுமே இருக்காது.

ஒரே வீட்டில் இது மனஸ்தாபத்தோடு போகும். இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நடுவில் நடந்தால் வழக்காகும். ஃப்ளோட் யாருடைய சொத்து என்பது கட்டுமானச் சட்டத்தில் பழைய சண்டை. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-இல் வெளியிட்ட தாமத நெறிமுறை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய அது யாருக்கும் தனியுரிமை இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதாவது முந்துபவர் எடுத்துக்கொள்ளலாம். பந்தியில் கடைசியாக உட்காருபவரின் கதிதான் கடைசி ஒப்பந்தக்காரருக்கு.

டூபான்ட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கியிலிருந்து பாயும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்துகொண்டிருந்தது. ஏராளமான நிறுவனங்கள், ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் வேலைகள். அதற்காக 1958-இல் உருவானது பெர்ட் என்ற முறை. 1960 ஜூலையில் ஏவுகணை நீருக்கடியிலிருந்து வெற்றிகரமாகப் பாய்ந்தது. பெர்ட்டின் புகழும் கூடவே பாய்ந்தது. பிறகு ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தத் திட்டத்தின் வரலாற்றைத் தோண்டி 1972-இல் ஒரு புத்தகம் எழுதினார். பெர்ட் வரைபடங்கள் வேலையை வேகப்படுத்தியதைவிட, வெளியிலிருந்து கேள்வி கேட்க வருபவர்களைப் பிரமிக்க வைத்து அனுப்புவதற்கே அதிகம் உதவின என்பது அவர் முடிவு. இன்றைக்கும் மீட்டிங் அறைச் சுவரில் ஒட்டிய வண்ணப் பட்டைகளைப் பார்க்கும்போது எனக்குச் சபோல்ஸ்கி நினைவுக்கு வருவார்.

ஆனாலும் பெர்ட் ஒரு நல்ல கேள்வியை எழுப்பியது. வலையில் பல்லாயிரம் வேலைகள் பின்னிக்கிடந்தால், எதை முதலில் கணக்கிட்டு எதை அடுத்துக் கணக்கிடுவது? 1962-இல் ஆர்தர் கான் என்பவர் கொடுத்த விடையைக் கணினி படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். யாருக்காகவும் காத்திராத வேலைகளை முதலில் எடுத்து வரிசையில் வை. வலையிலிருந்து அவற்றை அழி. அழித்ததும் வேறு சில வேலைகள் காத்திருப்பிலிருந்து விடுபடும். அவற்றை எடு. இப்படியே போ. 30,000 வேலைகள் கொண்ட வலையை ஐபிஎம் 7090 கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்திவிடலாம் என்று அவர் எழுதினார். இன்று சாதாரண மடிக்கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை.

கானின் முறையில் இன்னொரு நன்மை ஒளிந்திருக்கிறது. எடுக்க எதுவும் இல்லாமல் சில வேலைகள் மிஞ்சிவிட்டால், அங்கே வட்டம் இருக்கிறது என்று அர்த்தம்: இது அதற்காகவும் அது இதற்காகவும் காத்திருக்கின்றன. ஒரே திட்டத்துக்குள் இப்படி ஒரு வட்டத்தைத் தெரிந்தே யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் கட்டட வடிவமைப்பாளர், ஏ.சி. எந்திரத்தின் எடை தெரிந்தால்தான் கூரையை வடிவமைப்பேன் என்று தன் அட்டவணையில் எழுதுகிறார். ஏ.சி. ஒப்பந்தக்காரர், கூரையின் வரைபடம் வந்தால்தான் எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பேன் என்று தன் அட்டவணையில் எழுதுகிறார். ஆளுக்குப் பாதி வட்டம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்கான நேர்க்கோடுகள். இணைத்த மாத்திரத்தில் மென்பொருள் கணக்கிட மாட்டேன் என்று நின்றுவிடும். அப்போது மனிதர்கள் செய்வது ஒன்றுதான். எடை இவ்வளவு இருக்கும் என்று ஒரு அனுமானம் போட்டு வரைந்துவிட்டு, அதை உறுதிசெய்ய ஒரு தேதி குறிப்பார்கள். மென்பொருள் செய்த உதவி, அந்தப் பேச்சு கான்கிரீட் போட்ட பிறகு நடக்காமல் முன்பே நடக்கச் செய்தது.

இதுவரை சொன்னது வேலைக்கும் வேலைக்கும் உள்ள பிணைப்பு. அதைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். கோடே இல்லாத பிணைப்பு ஒன்று உண்டு, அதுதான் பொல்லாதது. நம்மூர் மேஸ்திரி ஒரே சமயத்தில் மூன்று வீடுகளை எடுத்திருக்கிறார். மூன்று வீட்டுக்காரர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் மூன்று வீட்டுக்கும் ஒரே சென்ட்ரிங் செட்டு. முதல் வீட்டுத் தளம் இறுகும்வரை முட்டுகளும் ஷீட்டுகளும் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே மழையில் வேலை நான்கு நாள் நின்றால், ஒரு துளி மழை பெய்யாத இன்னொரு ஊரில் உள்ள இரண்டாவது வீட்டின் தளமும் நான்கு நாள் தள்ளிப்போகும்.

டைல்ஸ் போடுபவர் ஒருவர்தான் என்றால் கதை இன்னும் சுவையானது. ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு நான்கு வார வேலை. ஒரு வீட்டை முடித்து அடுத்ததற்குப் போனால், வீடுகள் 4, 8, 12-ஆம் வாரங்களில் முடியும். ஆனால் மூன்று வீட்டுக்காரர்களும் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். யாரையும் விரோதித்துக்கொள்ளாமல் வாரத்துக்கு ஒரு வீடு என்று அவரைச் சுற்றில் விட்டால், வீடுகள் 10, 11, 12-ஆம் வாரங்களில் முடியும். கடைசி வீட்டுக்கு ஒரு நாள்கூட லாபமில்லை. முதல் வீட்டுக்கு ஆறு வாரம் நஷ்டம். ஆனால் நாலாம் வாரத்தில் மூன்று இடத்திலும் ‘வேலை நடக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம். அலுவலகங்களில் எல்லாத் திட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிற பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மென்பொருள் இதற்கும் வழி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் ஆட்களையும் கருவிகளையும் பொதுவான ஒரு கோப்பில் வைத்து, பல திட்டங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு இடத்தில் போட்டால் அவர் பெயர் சிவப்பாகும். ஒரு பட்டனைத் தட்டினால் வேலைகளைத் தள்ளிப்போட்டு மோதலைத் தீர்த்துக் கொடுக்கும். தீர்த்துக் கொடுக்கும் என்றேனே தவிர, மிகச் சிறப்பாகத் தீர்க்கும் என்று சொல்லவில்லை. ஆட்கள் அளவாக இருக்கும்போது எல்லா வேலைகளையும் மிகக் குறைந்த காலத்தில் அடுக்குவது, கணினி அறிவியலில் மிகக் கடினமானவை என்று நிரூபிக்கப்பட்ட கணக்குகளில் ஒன்று. ஆய்வாளர்கள் பரிசோதனைக்கு வைத்திருக்கும் பொதுத் தொகுப்பு ஒன்று 1990-களிலிருந்து இருக்கிறது. அதில் வெறும் 120 வேலைகள் கொண்ட கணக்குகளில் பலவற்றுக்கு, இதுதான் மிகச் சிறந்த விடை என்று இன்னும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே மென்பொருள்கள் குத்துமதிப்பான ஒரு விதியைக் கையாளுகின்றன: முன்னுரிமைப் பட்டியல் ஒன்று போடு; யார் கை காலியாகிறதோ அவர், பட்டியலில் முதலாவதாக உள்ள, தொடங்கத் தயாரான வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

நியாயமான விதியாகத்தான் தெரிகிறது. 1960-களில் பெல் ஆய்வுக்கூடத்தின் ரொனால்ட் கிரஹாம் இதை ஆராய்ந்தபோது விசித்திரம் ஒன்று அகப்பட்டது. (கிரஹாம் பந்துகளை வீசிப் பிடிப்பதிலும் வல்லவர், அந்த வித்தைக்காரர்களின் சர்வதேசச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். ஒரே நேரத்தில் பலவற்றைக் கையாள்வது பற்றி எழுத அவருக்குத் தகுதி இருந்தது.) அவர் காட்டிய உதாரணத்தைத் தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒன்பது வேலைகள். பட்டியல் வரிசைப்படி அவற்றுக்கான மணி நேரம்: 3, 2, 2, 2, 4, 4, 4, 4, 9. நிபந்தனைகள் இரண்டு. முதல் வேலை முடிந்தால்தான் ஒன்பதாவதைத் தொடலாம். நான்காவது முடிந்தால்தான் ஐந்து முதல் எட்டு வரை தொடலாம். மூன்று பேரைக் கொண்டு செய்தால் 12 மணி நேரத்தில் முடிகிறது. சரி, அவசரம் என்று நான்காவது ஆளைச் சேர்க்கிறீர்கள். இப்போது 15 மணி நேரம் ஆகிறது!

காரணம் தெரிந்தால் மந்திரம் கலைந்துவிடும். நான்காவது ஆள் வந்ததும் நான்காவது வேலை ஆரம்பத்திலேயே முடிகிறது. அது முடிந்ததும் ஐந்து முதல் எட்டு வரையுள்ள வேலைகள் திபுதிபுவென்று விடுபட்டு, எல்லோர் கையையும் நிறைத்துவிடுகின்றன. ஒன்பது மணி நேரம் பிடிக்கும் பெரிய வேலை பட்டியலின் கடைசியில் இருப்பதால் அதை எடுக்க ஆளில்லை. ஆறாவது மணிக்குத்தான் ஒருவர் கை காலியாகி அதைத் தொடுகிறார், 15-இல் முடிக்கிறார். மூன்று பேர் இருந்தபோது ஒருவர் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா இருத்தல்தான் பெரிய வேலையை மூன்றாவது மணியிலேயே எடுக்க ஆள் கொடுத்தது.

இதோடு போகவில்லை. மூன்று பேரையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் ஒரு மணி நேரம் குறைத்தாலும் தாமதம்தான்: 13 மணி நேரம். எல்லோரும் வேகமாகச் செய்து, மொத்தம் தாமதமாகிறது. இதற்கு எல்லை உண்டா என்றும் கிரஹாம் பார்த்தார். இந்தப் பட்டியல் விதி எவ்வளவு சொதப்பினாலும், அதே ஆட்களைக் கொண்டு போடக்கூடிய மிகச் சிறந்த அட்டவணையைப்போல் இரண்டு மடங்கை எட்டாது என்று நிரூபித்தார். ஒரு மேனேஜர் கேட்க விரும்பும் ஆறுதல் இதுவல்ல. ஆனால் கணிதம் தரும் உத்தரவாதம் இவ்வளவுதான்.

இன்னொரு பொறி, பாதைகள் வந்து கூடும் இடங்களில் இருக்கிறது. பல வேலைகள் முடிந்தபிறகே தொடங்கக்கூடிய ஒரு வேலை, அவற்றில் கடைசியாக வருவதற்காகத்தான் காத்திருக்கிறது. முன்னால் வந்தவர்களின் சுறுசுறுப்புக்கு அங்கே மதிப்பில்லை. ஒரு பகடையை உருட்டினால் சராசரி 3.5. இரண்டை உருட்டி, பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் சராசரி ஏறத்தாழ 4.5. பத்துப் பகடை என்றால் 5.8. எந்தப் பகடையும் மாறவில்லை, சேர்ந்து நின்றதுதான் மாறியது. பெர்ட் முறை ஒவ்வொரு வேலைக்கும் சராசரிக் காலத்தைக் கண்டுபிடித்து, மிக நீளமான பாதையை மட்டும் கூட்டியது. எனவே அது சொன்ன தேதி பெரும்பாலும் நிஜத்தைவிட நம்பிக்கை மிகுந்ததாகவே இருந்தது. 1960-களின் முதற்பாதியிலேயே ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். இன்று பெரிய திட்டங்களில் கணினி ஆயிரக்கணக்கான முறை பகடை உருட்டிப் பார்த்துத்தான் தேதி சொல்கிறது.

இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து கண்முன்னே நடந்த இடம் லண்டன். நகரின் கிழக்கையும் மேற்கையும் பூமிக்கடியில் இணைக்கும் கிராஸ்ரெயில் திட்டத்தில், எட்டு எந்திரங்கள் 2012 முதல் 2015 வரை 42 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தன. எல்லோரும் பயந்தது அந்தக் கட்டத்துக்குத்தான். அது நல்லபடியாக முடிந்தது. 2018 டிசம்பரில் ரயில் ஓடும் என்றார்கள். அதற்கு நான்கு மாதம்கூட இல்லாத நிலையில், ஆகஸ்ட் கடைசி நாளில், முடியாது என்று அறிவித்தார்கள். ரயில் ஓடியது 2022 மே 24 அன்று. 2010-இல் 1,480 கோடி பவுண்டாக இருந்த நிதி ஒதுக்கீடு 1,800 கோடியைத் தாண்டிப் போனது.

திட்டத்தை 36 முக்கிய ஒப்பந்தங்களாகப் பிரித்திருந்தார்கள். அவை ஒன்றோடொன்று முட்டும் இடங்களைக் கவனிக்கும் பொறுப்பு நடுவில் இருந்த கிராஸ்ரெயில் நிறுவனத்துடையது. ஒவ்வொரு ஒப்பந்தமும் குறித்த நாளில் முடிய 90 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது, ஒன்றை ஒன்று பாதிக்காது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 36-ம் சேர்ந்து அந்த நாளில் முடியும் வாய்ப்பு 2 சதவீதம்தான். 99 சதவீதம் என்று வைத்தாலும் 70-ஐத் தாண்டாது. இதில் ஒருவரும் பொய் சொல்லவேண்டியதில்லை. முப்பத்தாறு பேரும் நேர்மையாக ‘அநேகமாக முடிந்துவிடும்’ என்று சொன்னாலே போதும்.

அங்கே ஒப்பந்தங்கள் ஒன்றையொன்று பாதிக்காமலும் இல்லை. சுரங்கத்துக்குள் சோதனை ரயில் ஓடும்போது ஆட்கள் வேலை செய்ய முடியாது. ஆட்கள் வேலை செய்யும்போது ரயில் ஓட முடியாது. சுரங்கம்தான் அவர்களுடைய சென்ட்ரிங் செட்டு. 2017 நவம்பரில் புடிங் மில் லேன் என்ற இடத்தில் மின்கருவி ஒன்று வெடித்து, ரயில் சோதனைகள் தள்ளிப்போயின. நிலைய வேலைகளும் பின்தங்கியிருந்தன. முடிவுத் தேதியை மட்டும் அசைக்காமல், நடுவே இருந்த காலத்தை நசுக்கி, கட்டுமானத்தையும் சோதனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான விவரமுள்ள திட்டமே நிறுவனத்திடம் இல்லை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் எழுதியது. போதாக்குறைக்கு, ஒரே ரயில் மேற்கே ஒரு சிக்னல் முறையையும் நடுச்சுரங்கத்தில் வேறொன்றையும் கிழக்கே பழைய மூன்றாவதையும் புரிந்துகொண்டு, ஓடும்போதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டியிருந்தது. மண்ணைக் குடைவதைவிட இந்த மாற்றங்களுக்கான மென்பொருளைச் சரிசெய்வது பெரும்பாடாகிவிட்டது.

எப்படி மீண்டார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. புதிய தலைமை எல்லா வேலைகளையும் மறுபடி ஒரே வலையாகக் கோத்துப் பார்த்தது. அப்படிப் பார்த்துச் சொன்ன தேதியும் ஒரு முறைக்கு மேல் நழுவியது. கடைசியில் வேலையை முடித்துக்கொடுத்தது, சில கோடுகளை அறுக்கலாம் என்ற துணிவு. வழக்கமான திட்டத்தில், எல்லா நிலையங்களும் தயாரானபிறகுதான் பாதை திறக்கவேண்டும்; பத்துப் புதிய நிலையங்களில் பாண்ட் ஸ்ட்ரீட் மட்டும் மிகவும் பின்தங்கிக் கிடந்தது. அது பயணிகளுக்குத் தயாராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் திறப்பு விழாவிலிருந்து கழற்றிவிட்டார்கள். நிலையம் மூடியிருந்தாலும் ரயில்கள் பாதுகாப்பாகக் கடந்துபோக வேண்டியது மட்டும் முடிந்திருந்தால் போதும். அதேபோல மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று துண்டுகளாகச் சேவையைத் தொடங்கினார்கள். பயணிகள் பாடிங்டனிலும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலும் இறங்கி நடந்து வேறு ரயில் ஏறினார்கள். சிக்னல் முறைகள் கூடும் இடத்தில் ரயில்கள் செய்யவேண்டிய வேலையைச் சில மாதம் பயணிகளின் கால்கள் செய்தன.

பாண்ட் ஸ்ட்ரீட் 2022 அக்டோபர் 24 அன்று திறந்தது. நவம்பர் 6 முதல் மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ரயில்கள் சுரங்கத்துக்குள் நேராக ஓடின. முழு நேர அட்டவணை 2023 மே மாதம்தான் வந்தது. அதற்குள் அந்தப் பாதையில் ஏறியவர்கள் கோடிக்கணக்கில்.